சுண்ணக்கட்டி வேனுக்குள் நின்ற மனிதர்

எழுபதுகளில், பழைய வேன்களைப் படுத்துறங்கும் வேன்களாக மாற்றும் பதுளைத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வரையத் தெரியும் என்று நானே கிளப்பிய வதந்தியை முதலாளி நம்பியிருந்தார்.

கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் கொழும்பிலிருந்து ரயிலில் வரும். சரக்குக் கொட்டகையில் அவற்றை ஒப்படைப்பவர் நெட்டையானவர். காதில் பீடிக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டி செருகியிருப்பார். தரையில் வேன் அளவுக்குக் கோடு போட்டு, கதவுக்கு இடம் குறித்து, என் வரைபடப்படி சாமான்களை அடுக்கிப் பார்த்த பிறகே தருவார். குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடுமாம்.

ஒருநாள் மடுல்சீமைத் தோட்டத் துரையின் வேனுக்குச் சாமான் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அன்று அது முடியாவிட்டால் எனக்கு வேலை போய்விடும். என் குடையைக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கட்டிலை இழுத்து வைத்தவர் உள்ளே நின்று திகைத்தார்.

“ஐயா, நான் எப்புடிங்க வெளிய வர்றது?”

நான் வரைந்த கட்டில் கதவை முழுசாக அடைத்திருந்தது.

“வெறும் கோடுதானே அண்ணே, தாண்டி வாங்க.”

“கோடா? இது தகரமுங்க! தொர தாண்டுவாரா?”

அவர் கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ள, நான் வரைபடத்தைத் திருத்தினேன். வேலை தப்பியது. அதற்குள் ரயில் கூவியது. அந்த அவசரத்திலும் அவர் இல்லாத கதவைத் திறந்து, குனிந்து வெளியே வந்து, சாத்திவிட்டு ஓடினார்.

குடை உள்ளேயே கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன்; யாரும் இல்லை. கதவைத் திறந்துதான் எடுத்தேன்.