கோட்டைக் கல்லில் கட்டிய வீட்டுச் சம்பந்தம்

சம்பந்தம் பேச வந்தவர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டு முன்னறையில் அன்றைக்கு என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். என் மகளைக் கட்ட விரும்புகிற ஜெர்மன் பையனும் அவனுடைய தாயும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பயித்தம் பணியாரம், முறுக்கு, கட்லெட். தேத்தண்ணீரில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது.

நான் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனால் என் வாசலால் வந்தவர் எவரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. ஒரு வீட்டில் கை நனைக்காமல் இருந்தால் அதற்கு எங்கள் ஆட்களிடம் என்ன அர்த்தம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் எங்களுக்குச் சரிசமம் இல்லை என்று அர்த்தம்.

அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது ஓமா இல்லையா என்ற ஒரு சொல்தான். பையனின் ஊரில் மலை மேல் ஓர் இடிந்த கோட்டை இருக்கிறதாம். அதற்குள் இருக்கும் பழைய தேவாலயத்தில் கலியாணத்தை வைக்க மகளும் அவனும் ஆசைப்பட்டார்கள். இடிந்த இடத்தில் நல்ல காரியமா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. மகள் முதலே சொல்லிவிட்டாள்.

"நீங்கள் ஓம் எண்டாத்தான் அம்மா. இல்லையெண்டா கலியாணத்தையே விடுவம். ஆனா பிறகு எனக்கு வேற மாப்பிள்ளை பாக்கக்கூடாது."

சொன்னால் சொன்னதுதான் அவள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க முடியாது.

பையனின் தாய் கோட்டையின் படங்களை மேசையில் பரப்பினார். ஆண்பிள்ளைத் துணைக்கு என்று நான் கூப்பிட்டிருந்த அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு என் காதுக்குக் குனிந்தார்.

"கோட்டைச் சம்பந்தம் எண்டு ரெய்னர்ஸ் லேனில எங்கட சனம் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் தங்கச்சி. உதில கூரையே இல்லையடி."

பையனின் தாய் ஆங்கிலத்தில் கதை சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். ஆற்றங்கரைப் பாதையால் போகிற வண்டிகளிடம் வரி வாங்குவதற்காக ஒரு பிரபு அந்தக் கோட்டையைக் கட்டினாராம். பேரப்பிள்ளைகள் காலத்தில் எதிரிப் படை வந்து மலையைச் சுற்றி இருந்துகொண்டது. உள்ளே கிணறு இருந்தபடியால் தண்ணீருக்குப் பயமில்லை, சாப்பாடுதான் முடிந்தது. குளிர்காலம் முழுக்கப் பொறுத்து, குதிரைகளையும் தின்று, கடைசியில் கதவைத் திறந்தார்கள். வந்தவர்கள் ஆட்களைப் போக விட்டுவிட்டுக் கோட்டைக்கு நெருப்பு வைத்தார்கள்.

போனவர்கள் எதைக் கொண்டு போனார்கள் என்று கேட்டேன். கையில் பிடித்ததை மட்டும் என்று பதில் வந்தது. அது எனக்குத் தெரிந்த பதில்தான்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொல்லிக்கொண்டே போனார், மகள் அதைத் தமிழில் சொல்லவில்லை. அவர் முடித்ததும், ஒன்றும் இல்லை என்றாள். கல், வீடு என்கிற அளவுக்கு ஆங்கிலம் எனக்கும் விளங்கும்.

"முழுசாச் சொல்லு பிள்ளை."

"சனம் கல்லைக் கழட்டிக்கொண்டு போய் வீடு கட்டினவையாம். இவை சமைக்கிற குசினிச் சுவரும் கோட்டைக் கல்லுத்தானாம்."

அவள் ஏன் மறைத்தாள் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் விட்டுவிட்டு ஓடிய எங்கள் வீட்டை, சண்டை முடிந்தபின் அவளோடுதான் பார்க்கப் போனேன். ஷெல் விழுந்து இடிந்தது ஒரு மூலைதான். மற்றப்படி ஓடு, கதவு, நிலை எல்லாவற்றையும் கழற்றியது சனம். தாமரைப் பூக் கம்பி போட்ட என் பச்சை யன்னல் அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்தது. அந்த வீட்டுக்காரி வெளியே வந்து, அது காசு கொடுத்து வாங்கினது என்றாள். உள்ளே வந்து தேத்தண்ணீர் குடிக்கவும் சொன்னாள். நான் வாசல் படலையைத் தாண்டவில்லை.

இப்போது அதே மாதிரி ஒரு வீட்டுக்காரி என் சோபாவில் இருக்கிறார், என் பலகாரத்தையும் தொடாமல். இல்லை என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மகள் கார்ப்பெட்டைப் பார்த்தபடி இருந்தாள். அண்ணன் இருமினார். பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்லுக்குச் சொந்தக்காரர் ஆராவது திரும்பி வந்தவையோ எண்டு கேள்."

"அம்மா, வேண்டாம்."

"கேள்."

கேட்டாள். அந்தப் பெண்மணி படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஒருவரும் வரவில்லையாம். வந்திருந்தால் எந்த முகத்தோடு கதவைத் திறப்பது என்று, இறந்துபோன தன் கணவர் அடிக்கடி கேட்பாராம். குசினியை இடித்துப் பெருப்பித்தபோது கழன்ற கற்களை அவர் மலைக்குத் திருப்பிக் கொண்டுபோய், தேவாலய வாசலில் வைத்துக் கட்டினாராம். பிள்ளைகள் நிற்க ஆசைப்படுவது அந்த வாசலில்தான். மிச்சக் கல்லைக் கழற்றினால் வீடு விழுந்துவிடும், அதனால் அதற்குள்ளேயே இருக்கிறோம், அதைச் சரியென்று சொல்ல நான் வரவில்லை என்றார் பையனின் தாய்.

என் யன்னலை ஒருவரும் கொண்டுவந்து தரவில்லை, தரப்போவதும் இல்லை. ஆனால் இப்படி ஒரு பதிலைக்கூட அங்கே எனக்கு யாரும் சொல்லவில்லை. மனம் கொஞ்சம் இறங்கியது.

தட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"அது சரி. எங்கட வீட்டில ஏன் கை நனைக்கேல்லை? அதையும் கேள்."

மகள் வாயெடுக்க முன்னமே பையன் தன் உடைந்த தமிழில் சொன்னான்.

"அன்ரி, நீங்கள் இன்னும் ஓம் சொல்லேல்லை."

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், என் அப்பா சம்மதம் சொல்லும்வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் வந்த களையோடு இருந்தார்கள். பேச்சு முற்றாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அந்தக் காலத்து முறை. அந்தக் கதையை மகளுக்கு நான்தான் சொன்னேன். அவள் பையனுக்குச் சொல்லியிருக்கிறாள், அவன் தாய்க்கு. லண்டனில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நானே மறந்துபோயிருந்தேன்.

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்களைவிட உவன்தான் சுத்த யாழ்ப்பாணத்தான்."

நான் சிரிக்கவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை.

"தாலி கூரைக்குக் கீழதான் ஏறவேணும். இஞ்சை, எங்கட கோயில் மண்டபத்தில. அது முடியட்டும். பிறகு நான் உங்கட மலைக்கு வாறன்."

மகள் நிமிர்ந்தாள். "அப்ப ஓமோ?"

"ஓம்."

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண்மணி கையை நீட்டி ஒரு பயித்தம் பணியாரத்தை எடுத்துக் கடித்தார். விமானத்தால் இறங்கி நேரே வந்தவர்கள், பசியோடுதான் இருந்திருக்கிறார்கள். நான் ஆறிப்போன கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

புதுத் தேத்தண்ணீரோடு திரும்பியபோது தட்டில் ஒரு பணியாரம்தான் மிச்சம். அண்ணன் அதற்குக் கை வைக்கப் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டுத் தட்டைச் சம்பந்தி அம்மாவின் பக்கம் நகர்த்தினேன்.