காற்றாடிக்குக் கீழே இருந்த அக்கா

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் எவ்வளவு நூலும் மின்சாரமும் செலவாகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வருவது என் வேலை. ஒரு கூடத்தில், தார்க்குச்சியில் நூல் சுற்றும் அக்கா ஒருவர் இருந்தார். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், எழுந்துபோய்த் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடியை நிறுத்திவிடுவார். நான் கிளம்பும்வரை வியர்வை வழிய நூல் சுற்றுவார்.

ஒருநாள் கேட்டேன். “ஏன்க்கா ஃபேனை அமத்துதீய?”

“நீங்க எழுதிட்டுப் போறது வரைக்கும் கரண்டு கம்மியா ஓடட்டும் சார். நம்ம பட்டறைக்கு நல்ல பேரு கிடைக்கட்டுமே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மீட்டரு மாசம் பூரா ஓடுனதையில்லா காட்டும்! நான் நிக்குத நேரம் மட்டும் அமத்தி என்னக்கா பிரயோசனம்?”

“அப்படியா சார்?” என்று மீட்டர் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

என் வாயை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன். அடுத்த மாதம் போனபோது யூனிட் கொஞ்சம் குறைந்திருந்தது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். அக்காவின் தலைக்கு மேல் காற்றாடி இறக்கையில் ஒட்டடை தொங்கியது.

“ஃபேனைப் போடுங்கக்கா” என்றேன்.

“இருக்கட்டும் சார், பழகிட்டு.” முகமெல்லாம் பெருமை.

படிவத்தில் ‘குறைந்ததற்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.