திரையில் நூற்றுக்கு நூறு

2003ஆம் வருஷம் இருக்கும். திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். பி.எஸ்சி. முதலாமாண்டு பிராக்டிகல் என் பொறுப்பு. புது லேபில் தண்ணீர் லைன் போட்டு முடிக்கவே கார்த்திகை பிறந்துவிட்டது. அடுத்து தீபம். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் தங்குவதற்கு வழக்கம்போல எங்கள் லேப் கட்டடத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மேஜைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தீபம் முடிந்த அடுத்த வாரம் பிராக்டிகல் தேர்வு.

நான் கவலைப்படவில்லை. அப்போதுதான் 'மெய்நிகர் ஆய்வகம்' என்று ஒரு சிடி வாங்கியிருந்தோம். மவுஸை அழுத்தினால் போதும், திரையில் பிபெட் என்கிற கண்ணாடிக் குழாய் கரைசலுக்குள் இறங்கும், கரைசல் கோடு வரை தானாக ஏறும். பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்து ஒரே வாரத்தில் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டேன். வேறு கல்லூரி நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. லேப் அட்டெண்டர் மட்டும், "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாது சார். ஒரு வாட்டி கையில குடுத்துப் பாத்துடுங்க" என்றார். போலீஸ் காலி செய்த பிறகு ஒரு முழு நாள் இருந்தது. அன்று நான் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் ஒரு பெண். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்யும் குடும்பம். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். பிளஸ் டூவில் ஆசிரியர் சோதனை செய்ய, சுற்றி நின்று பார்த்ததோடு சரி என்று சொல்லியிருந்தாள். கெமிஸ்ட்ரி டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. கம்ப்யூட்டரில் நூற்றுக்கு நூறு எடுத்தாள். அவளை முன்னால் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

தேர்வன்று வீரியமான காஸ்டிக் சோடா கரைசலை பிபெட்டில் எடுத்து, தண்ணீர் கலந்து நீர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் வாயால் உறிஞ்சித்தான் ஏற்றுவோம். உறிஞ்சும்போது பிபெட்டின் நுனி கரைசலை விட்டு மேலே வந்துவிட்டால் காற்று புகுந்து, உள்ளே இருப்பது மொத்தமும் குபீரென்று வாய்க்குள் பாயும். திரையில் நுனி ஒருபோதும் மேலே வராது. அவளுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் விழுங்கியும் விட்டாள். அட்டெண்டர்தான் ஓடிவந்து குழாயடியில் வாய் கொப்பளிக்க வைத்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வெந்த நாக்கோடு குழறிக் குழறிச் சொன்னாள்.

"பிபெட் ஒடஞ்சிடுச்சி, சாரி சார். கம்ப்யூட்டர்ல சரியாதான சார் வந்துச்சி?"

நானெல்லாம் ஒரு வாத்தியாரா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தொண்டை புண்ணாகி மூன்று மாதம் வெறும் கஞ்சித் தண்ணீர்தான். காயம் ஆறியும் அவள் கல்லூரிக்கு வரவில்லை. ஊருக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். லேப் என்றாலே பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க பாத்துப்பீங்கன்னுதான சார் வுட்டேன்" என்றார், அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வரும்வரை நான் தலை நிமிரவில்லை. அவள் படிப்பு அதோடு நின்றது.

இன்றும் முதலாமாண்டுப் பிள்ளைகள் லேபுக்கு வரும் முதல் நாள், கழுவின பிபெட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீரும் கொடுத்து, உறிஞ்சிக்கொண்டே நுனியை மேலே தூக்கச் சொல்கிறேன். தண்ணீர் வாய்க்குள் பாய்ந்து, சிலருக்குப் புரையேறும். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஒரு டம்ளர் தண்ணீரை அவளுக்குக் கொடுக்காமல் விட்ட பாவம், எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் தீரமாட்டேன் என்கிறது.