காய்கறித் தட்டில் ஒரு சீஸ்

1997 கத்திரி வெயிலின்போது திண்டிவனத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. என் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. ஆனால் அதைத் திறக்காத கை அந்தத் தெருவில் இல்லை. யார் வீட்டு மாவோ, யார் குழந்தையின் மருந்தோ, கோயிலுக்குக் கட்டிய மல்லிகைச் சரமோ அதில் இருக்கும். "எடுத்துக்கினு வாங்க, வெச்சுக்கலாம்" என்று என் கணவர் தெருமுனைவரை அழைத்துவிட்டு வருவார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்போது நான் வானூர்ப் பக்கம் வெளிநாட்டுத் தம்பதி நடத்திய சீஸ் பட்டறையில் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சலவைச் சோடாவில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சீஸ் வாங்கிப் போனவர்கள், வீட்டில் வைத்ததும் காய்ந்து பிளந்துவிடுகிறது என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலாளியம்மா சின்ன சீஸ் வட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒரு மாதம் என் வீட்டு ஃப்ரிட்ஜில் கெடாமல் வைத்துக் காட்டினால் விற்பனை மேசையில் என்னை உட்காரவைப்பதாகச் சொன்னார்.

பிளாஸ்டிக் உறை ஆகாது, சீஸுக்கு மூச்சு முட்டும். மெழுகுத்தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் ஈரத்துணியோடு, ஃப்ரிட்ஜின் அடியில், குளிர் குறைவான காய்கறித் தட்டில் வைத்தேன். நாள்தோறும் வேலைக்குக் கிளம்பும்முன் திருப்பி வைத்து, உப்புநீரில் நனைத்த துணியால் தோலைத் துடைப்பேன். தோல் பொன்னிறமானது. விரலால் அழுத்தினால் மெல்ல அமுங்கியது. வாசனையும் ஏறியது. அது அப்படித்தான் ஏற வேண்டும்.

ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தன் மல்லிகைச் சரத்தை எடுத்து முகர்ந்தார்.

"இன்னாடி இது, பூவுல செத்த எலி நாத்தம் அடிக்குது? அம்மனுக்குப் போடறதுடி!"

"சீஸு, அக்கா. வேலை செய்யற எடத்துல குடுத்தாங்க."

"உன் வெள்ளைக்காரி சாமிக்குப் போய் சாத்து இந்தப் பூவ!"

கணவர் சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது என் வட்டை எடுத்து கேரிபேக்கில் போட்டு, நாற்றம் வெளியே வராதபடி இறுக்கிக் கட்டி, பரணில் வைத்துவிட்டார். ஓட்டுக் கூரைக்கு ஒரு முழம் கீழே. நான் திரும்பியபோது பைக்குள் எண்ணெய் தேங்கி, வட்டு சப்பையாகக் கிடந்தது. காய்கறித் தட்டில் புதுச் சரம் இருந்தது.

"பாலுதானே? ஊறுகா ஜாடிகூட அங்கதான் கீது. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு."

"எனக்கு மேசை வேலை இதுலதான் கீதுன்னு சொன்னேன் இல்ல?"

"தெரு ஜனம் இன்னா நெனைக்கும்?"

தெரு என்ன நினைக்கும் என்று கவலைப்பட்ட மனிதருக்கு நான் என்ன நினைப்பேன் என்ற கவலை வரவே இல்லை. இத்தனை ஆண்டு கழித்து எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அடுத்த நாள் முதலாளியம்மா பையைத் திறந்து பார்த்து, "வெயிலில் வைத்தாயா?" என்று கேட்டார். என் புருஷன் வைத்தார் என்று சொல்லாமல், "ஆமாம்மா" என்று தலையாட்டினேன். புருஷன் மானத்தை நான் காப்பாற்றினேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம். விற்பனை மேசைக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் பாத்திரத்துக்கே திரும்பினேன்.

முதலாளியம்மா பையைத் திறந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாவு, மருந்து, பூ எல்லாவற்றையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டு அக்கா, "இன்னாடி, ராங்கியா?" என்றார். "ஆமாக்கா" என்றேன். அந்தக் கால ஃப்ரிட்ஜ் கதவில் பூட்டு உண்டு. எங்கள் வீட்டில் யாரும் பூட்டியதில்லை. பூட்டினேன்.

கணவர் வேர்க்க விறுவிறுக்க வந்து கைப்பிடியை இழுத்தார்.

"சாவி எங்க?"

"எங்கிட்ட."

"ஐஸ் தண்ணி வேணும்டி."

"பானையில கீது. மோந்து குடிங்க."