நாற்பத்தொரு மாறுவேடங்கள்

அச்சகத்தில் அவருக்குக் கால்புள்ளி என்று பெயர். முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். பேசும்போதுகூட நடுநடுவே ஒரு நொடி நிறுத்தி, பிறகுதான் மேலே போவார். நேரில் 'சார்' என்பார்கள், தலை மறைந்ததும் கால்புள்ளி. அவருக்கும் தெரியும். எழுத்துப்பிழை இல்லாமல் கூப்பிடும்வரை அவருக்கு ஆட்சேபணை இல்லை.

பிழை திருத்துகிறவர் தப்பைத் திருத்தலாம். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். முதலாளி அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டியதும் அந்த ஒரு தடவைதான்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வந்த நாவல் அது. தோற்றுப்போன ஒரு போரில் நம் பக்கம் ஜெயித்திருந்தால் சரித்திரம் எப்படிப் போயிருக்கும் என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். ஜெயித்துக் கொடுக்கும் தளபதிக்கு முறுக்கு மீசை. ஆனால் பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டுதான் குதிரை ஏறுவார். ஏன் என்று நாவலில் ஒருவரும் கேட்கவில்லை. முதலாளி கேட்டார்.

"சரித்திரத்தை எப்படி வேணாலும் மாத்தட்டும். பேன்ட்டை எதுக்கு மாத்தணும்? படிக்கிறவன் புத்தகத்தை மூஞ்சியில விட்டெறிவான்!"

கால்புள்ளி பென்சிலை எடுத்தார். பாவாடை வரும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கூரைக்குறி போட்டு, மேலே 'மாறுவேடத்தில்' என்று சேர்த்தார். மொத்தம் நாற்பத்தொரு இடம். தளபதி எதிரியை ஏமாற்றத்தான் பாவாடை கட்டினார் என்றாகிவிட்டது. போரெல்லாம் முடிந்து, கோட்டைக்குள் தன்னந்தனியாக உட்கார்ந்து சூப் குடிக்கும்போதும் மாறுவேடத்தில்தான் குடித்தார். அங்கே யாரை ஏமாற்றினார், சூப்பையா என்று எந்த வாசகரும் கேட்கவில்லை. எழுதிய அம்மாள் கேட்டார். புத்தகம் கடைக்குப் போய்விட்டது என்று பதில் போயிற்று.

அந்த வார்த்தை கால்புள்ளிக்குச் சும்மா வந்துவிடவில்லை. முந்தின வாரம்தான் வீட்டில் பழக்கமாகியிருந்தது. பதினாறு வயது மகன், பழைய ஜன்னல் திரையைக் கத்தரித்துத் தானே தைத்த பாவாடையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டார். "ஸ்கூல்ல நாடகம், மாறுவேடம்" என்றார் கால்புள்ளி, கண் இமைக்காமல். எதிர்வீட்டுக்காரர் போனதும் மகன் மெதுவாகச் சொன்னான்: "நாடகம் எதுவும் இல்லப்பா."

அவர் காதில் வாங்கவில்லை. மகன் படித்து முடித்ததும் வெளியூர் போய்த் தையற்கடை வைத்தான். வருடத்துக்கு ஒருமுறை பேன்ட், சட்டையில் வந்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பினான். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

இந்த வருடம் அதே நாவலுக்குப் புதுப் பதிப்பு. மீசையும் பச்சைப் பாவாடையுமாகத் தளபதி அட்டை முழுக்க நிற்கிறார். காலம் மாறிவிட்டதாம், முதலாளி வாய் அதே வாய்தான்.

"பாவாடைதான் சார் இந்தப் புத்தகத்தோட உயிரு! எந்த மடையன் இந்த மாறுவேடத்தைச் சொருகினான்?"

"தெரியல, சார்" என்றார் கால்புள்ளி.

நாற்பத்தொன்றையும் ஒரே காலையில் அடித்துத் தள்ளினார். தளபதி இனி நிம்மதியாகச் சூப் குடிக்கலாம். எழுதிய அம்மாள் கிழவியாகி வந்து, "உங்களை மாதிரி பரந்த மனசு யாருக்கு வரும்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பரந்த மனசுக்கு வீட்டில் வேலை வந்தது. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். "அண்ணன் வரலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். கால்புள்ளி உட்கார்ந்து கடிதம் எழுதினார்: 'உன் தங்கைக்குத் திருமணம். நீ அவசியம் வர வேண்டும். பேன்ட், சட்டை அணிந்து வரவும்.'

"பெத்த பிள்ளைக்கு எழுதுற கடுதாசியா இது? ஆபீஸ் நோட்டீஸ் கெட்டது போங்க" என்றாள் மனைவி. அவர் தேதியை ஒருமுறை சரிபார்த்து உறையை ஒட்டினார்.

ஐந்தாம் நாள் அதே கடிதம் திரும்பி வந்தது. பதில் என்று தனியாக ஒன்றுமில்லை. சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தக் குறிகளையெல்லாம் கற்றுக்கொண்டவன் அவன். மூன்றாவது வரியின் தொடக்கத்தில், சிவப்பு மையில், அவர் போடுவது போலவே ஒரு கூரைக்குறி. மேலே ஒரு வார்த்தை சேர்த்திருந்தான்: 'மாறுவேடத்தில்'. ஓரத்தில் பொடி எழுத்தில், 'ஆசிரியர் கவனிக்க: இதுதானே பொருள்?'

அவர் வரியைச் சேர்த்துப் படித்தார். மாறுவேடத்தில் பேன்ட், சட்டை அணிந்து வரவும். ஏதாவது பிழை கிடைக்குமா என்று இன்னொரு தடவையும் படித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்த வருடமெல்லாம் பிள்ளை மாறுவேடத்தில்தான் வீட்டுக்கு வந்து போயிருக்கிறான், அவர் வாசலில் நின்று வா வா என்று வரவேற்றிருக்கிறார்.

"என்னப்பா, அண்ணன் வரானா?" மகள் சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்.

அவர் பென்சிலைச் சீவினார். மூன்றாவது வரியை முழுதாக அடித்தார். அடியில், கடைசிப் புரூஃபில் எழுதுவதுபோல 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மகள் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

"இன்னொரு தடவை படிச்சுப் பாக்கலையாப்பா?"

"வேணாம் வேணாம் நீ இப்பவே கொண்டுபோய்த் தபால்ல போடு" என்றார், எங்கும் நிறுத்தாமல்.