மோட்டாரைக் கழற்றிவிட்டு எடுத்த தண்ணீர்

எங்கள் ஊர் மண்ணரை. அங்கே எங்கள் வீதிக்கு நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் வரும். மற்ற நாளெல்லாம் போர்வெல் தண்ணீர். அது உப்பு, வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் வரும் காலையில் வீதி முழுக்க மோட்டார் இரையும். குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவோம். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் போட்டால் அடுத்த வீட்டுக்கு ஏறாது, அதனால் அடுத்த வீட்டிலும் போடுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு.

குடிதண்ணீரைச் சோதிக்க ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். படிப்பு ஒன்றுக்காவது உதவட்டும் என்று நினைத்தேன். மருந்து போட்ட சின்னக் குப்பியில் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் வைக்க வேண்டும். கறுத்தால் சாக்கடை கலந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்த பெண் திருநெல்வேலிப் பக்கம்.

“யார்கிட்டயும் சொல்லாமப் போங்க. அவங்க எப்படிப் பிடிக்காங்களோ, அப்படியே எடுங்க” என்று இரண்டு தடவை சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டில் குப்பியும் கையுமாகப் போய் நிற்பது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. முதல் நாளே வீதியின் வாட்ஸப் குரூப்பில், “நாளைக்கு டெஸ்ட் எடுக்க வர்றேனுங்க” என்று போட்டுவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் வரும் காலையிலும் வீதியில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கும் டெய்லர், வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்.

“மோட்டாரெல்லாம் கழட்டிக் கட்டலுக்கு அடியில போட்டாச்சுங்க்கா. வாசலுங் கூட்டியாச்சு. ஆடிட்டுக்கு நிக்கறதுக்கு நமக்குச் சொல்லியா தரோணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பெனிக்குத் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் வந்தால் முதல் நாளே தகவல் வரும். அதுவரை கண்ணில் படாத மாஸ்க்கும் கையுறையும் வெளியே வரும். வாசலை அடைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள் மாடிக்கு ஏறும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு மனப்பாடம். எத்தனையோ வருஷம் அப்படி நின்ற வீதி இது. குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் என் வீட்டு மோட்டாரையும் நான் கழற்றித்தான் வைத்திருந்தேன்.

ஒரு குப்பியும் கறுக்கவில்லை. பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதினேன். மாதம் ஒன்றாக, ஒவ்வொரு தடவையும் முதல் நாளே குரூப்பில் சொல்லிவிட்டுப் போய், நான்கு முறை எழுதினேன். வீட்டில் தண்ணீர் காய்ச்சுவதை நிறுத்தினேன். கேட்டவர்களிடம், “பயமில்லீங்க, நான் டெஸ்ட் பண்ணுன தண்ணி” என்றேன். பிளஸ் டூ படிக்கும் என் மகள் குடத்திலிருந்தே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள்.

மாசியில் அவள் கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர், “எந்தத் தண்ணிங்க குடிக்கறீங்க?” என்று கேட்டார். ஐந்தாம் நாள் காமாலை மூளைக்கு ஏறி, அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “யாருங்க நீங்க?” என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு பிழைத்துவிட்டாள். பரீட்சை போய்விட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்த வாரம் யாரிடமும் சொல்லாமல், மோட்டாரைப் போட்டே ஒரு குப்பி பிடித்தேன். மறுநாள் மாலைக்குள் மையாகக் கறுத்துவிட்டது. எடுத்துக்கொண்டு, மாதாமாதம் பதிவேட்டைக் காட்டும் குடிநீர் ஆபீசுக்குப் போனேன்.

“வெறும் பைப்ப மோட்டார் போட்டு இழுத்தா, ஓட்டை வழியா சாக்கடையும் சேந்துதான் வரும்” என்றார் அங்கிருந்தவர். “ஆனா மோட்டார்ல எடுத்தது ரிப்போர்ட்ல சேராதுங்க. முறைப்படி எடுத்துட்டு வாங்க.”

முறைப்படி வரும் தண்ணீரை எங்கள் வீதியில் ஒருவரும் குடிப்பதில்லை என்றேன். அவர் குப்பியை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

வீதியில் வந்து கெஞ்சினேன். “டெஸ்ட் அன்னைக்கு எல்லாருங் கழட்டுனோமில்லீங்க? அதே மாதிரி வாரா வாரம் கழட்டிரலாமுங்க.”

டெய்லர் இந்த முறை சிரிக்கவில்லை. “அன்னைக்கெல்லாம் எங்கூட்டுக்கு ரெண்டு கொடந்தானுங்க வந்துச்சு. நீங்க வர்றீங்களேன்னு மாசத்துல ஒரு நா விட்டோம். ஏழு பேருக்கு வாரா வாரம் ரெண்டு கொடம் பத்துமுங்களா? உங்களுக்கு வந்தது கஷ்டந்தான், இல்லைன்னு சொல்லலீங்க. அதுக்காக எங்க வாயைக் கட்டாதீங்க.”

எனக்காக அவர்கள் தாகத்தோடு இருந்திருக்கிறார்கள். அந்த மரியாதையைத்தான் நான்கு மாதமும் நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நான் மட்டும் மோட்டாரை மாட்டவில்லை. இரண்டு பக்கமும் இரைந்தது. எங்கள் குழாயில் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏம்மா, நம்மூட்டுக்கு மட்டும் வரலையா?”

முக்கால் மணி நேரம் போயிருந்தது. குடத்தில் முந்தின வாரத் தண்ணீர் அடியில் கிடந்தது. உள்ளே போய் மோட்டாரைத் தூக்கி வந்து மாட்டினேன்.