குளிர்காலத்துப் பாம்பும் வெர்னாவும்

குரிண்டாவில் யார் வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் வெர்னாவுக்குத்தான் போன் வரும். ரொவீனா அந்த ஊருக்கு வந்து சேரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

வெர்னா ஒன்றும் பாம்புகளோடு வளர்ந்தவள் இல்லை. தெற்கே கடலோரத்தில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். மண்சாலையைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிற கிளைவைக் கட்டிக்கொண்டு இந்தச் செம்மண் பாலைக்கு வந்தாள். வந்த முதல் வருஷமே துணி துவைக்கும் தொட்டிக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. கிளைவ் ஒரே தாவலில் வண்டிக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, "வெர்னா, அசையாத! நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினான். அங்கே நின்று அவன் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று வெர்னா காத்திருக்கவில்லை. சருகு வாரும் கம்பால் பாம்பைத் தூக்கித் தலையணை உறைக்குள் இறக்கி, முடிச்சுப் போட்டு, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து மிச்சத் துணியைத் துவைத்தாள்.

அந்தக் கதையைக் கிளைவே ஊர் மதுக்கடையான பப்பில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பரப்பினான். அதிலிருந்து ஊரில் பாம்பு என்றாலே வெர்னாதான். பப்பின் மாடி அறைகளுக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தருவது அவள் பிழைப்பு. பழைய தலையணை உறைகளுக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. ஒரு கொக்கிக் கம்பும் பூப்போட்ட உறையுமாக அவள் தெருவில் நடந்தால், யார் வீடு என்று கேட்டுக்கொண்டே நாலு பேர் பின்னால் வருவார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ரொவீனா வந்தாள். பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சாப்பாட்டுக் கடைக்குப் புதுச் சமையல்காரி. நல்ல உயரம், பெரிய சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் "கண்ணு" என்பாள். வடக்கே சுரங்க ஊர் ஒன்றில் பத்து வருஷம் பாம்பு பிடித்தவளாம். வந்த கோடையிலேயே பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்றைப் பிடித்தாள். பிடித்ததோடு விட்டாளா? பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து அது என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று விளக்கினாள். கடைசியில் பிள்ளைகளும் வாத்தியார்களும் கை தட்டினார்கள்.

அன்று வெர்னா வேலிக்கு வெளியே கொக்கிக் கம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் போன் வந்திருந்தது, ஆனால் இரண்டாவதாக. இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குக் கை தட்டியதில்லை. 'நன்றி வெர்னா' என்பார்கள், ஒரு டப்பா பிஸ்கட் தருவார்கள். பாம்பு பிடித்தால் கை தட்டலாம் என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். தெரிந்த நிமிஷத்திலிருந்து அது உள்ளே உறுத்த ஆரம்பித்தது.

அந்தக் கோடை முழுக்க உறுத்தியது. கடைக்காரர் வீட்டுக் குளியலறைக்கு ரொவீனா. போலீஸ்காரர் வீட்டுச் செருப்பு அலமாரிக்கு ரொவீனா. வெர்னாவின் போன் எப்போதாவது ஒலித்தால் யாராவது படுக்கை விரிப்பு காய்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். ரொவீனா சுடும் இறைச்சி அடைத்த அப்பத்தை ஊரே புகழ்ந்தது. வெர்னா ஒன்றை வாங்கித் தின்று பார்த்து, மிளகு அதிகம் என்றாள். அன்று மாலையே போய் இன்னொன்றும் வாங்கினாள்.

"அவ உனக்கு என்னதான் பண்ணினா?" என்றான் கிளைவ்.

"ஒண்ணும் பண்ணல. அதான் எரியுது."

பூமியின் தென்பாதியில் இருக்கும் அந்த நாட்டில் ஜூனில் குளிர்காலம் வரும். வந்ததும் வெர்னாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. விடிகாலையில் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். அந்தக் குளிரில் பாம்புகள் வளைகளிலும் மரப் பொந்துகளிலும் விறைத்துக் கிடக்கும். வெளியே தலைகாட்டாது. யாருக்கும் பாம்பு பிடிப்பவள் தேவையில்லை, ரொவீனாவும் வெறும் சமையல்காரிதான். ஜூலை பாதி வரை வெர்னா நன்றாகத் தூங்கினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், பப்பில் பெரிய தொலைக்காட்சியில் ஃபுட்பால் ஆட்டம். பாலையில் ஊசிக்காற்று வீசிக்கொண்டிருந்ததால் ஊரில் பாதி அங்கேதான் இருந்தது. பப் முதலாளி கெவ் கணப்பில் முல்கா என்கிற பாலை மரத்து விறகை அடுக்கி நன்றாக எரியவிட்டிருந்தான். முந்தின நாள்தான் ஒரு லாரி விறகு வந்து இறங்கியிருந்தது. உள்ளே கொண்டுவந்து கணப்பின் ஓரத்தில் போட்டிருந்த பெரிய கட்டை ஒன்று நடுவில் பொந்தாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இடைவேளையில், அந்தப் பொந்திலிருந்து செம்பு நிறத்தில் கை பருமனுக்கு, கொடிய விஷமுள்ள முல்கா பாம்பு ஒன்று நிதானமாக இறங்கியது.

வெர்னாவின் வீடு பப்புக்கு நேரெதிர். மூட்டு வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பப்புக்குள் நாற்காலிகள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரொவீனாவின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவள் பையும் கம்புமாக உள்ளே ஓடினாள்.

நடுக்குளிரில் பாம்பு. எதிர்வீட்டில் வெர்னா இருக்கிறாள். ஊர்க்கோடியிலிருந்து ரொவீனாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

வெந்நீர்ப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, கம்பையும் உறையையும் எடுத்துக்கொண்டு, நொண்டியபடியே வெர்னா தெருவைத் தாண்டினாள். உள்ளே நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேஜைகள்மேல் நின்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ரொவீனா பை வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைவ்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினான்.

"யாரு அவளுக்குப் போன் பண்ணினது?" என்றாள் வெர்னா.

கிளைவின் கை பாதியில் நின்றது. "உனக்கு மூட்டு வலின்னுதானே... ஓடி வரணுமேன்னு..."

"ஓ. நீதானா."

"வா கண்ணு, குளிர்ல நிக்காத, கிட்ட வந்து உக்காரு" என்றாள் ரொவீனா. அவள் குரலில் துளிகூடக் கேலி இல்லை. இருந்திருந்தால் வெர்னாவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும்" என்றாள் வெர்னா. "அந்த விறகுக் குவியல யாராவது பாத்தீங்களா?"

"அத நாளைக்கு வெயில் வர்றதுக்குள்ள ரெண்டு பேருமாப் பாப்போம்" என்றாள் ரொவீனா.

"ரெண்டு பேரு எதுக்கு?"

வெர்னா பின்கட்டு வழியாக முற்றத்துக்குப் போனாள். காற்று முகத்தில் அறைந்தது. கட்டைகளைக் கம்பால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்றாவது அடுக்கில், வேரோடு பிடுங்கிய ஒரு கட்டையின் பிளவுக்குள், அதோ. முந்தினதைவிடச் சின்னது. தொட்டுப் பார்த்தாள். ஈரக் கயிறுபோல் சில்லிட்டுக் கிடந்தது. உயிர் இருக்கிறது என்று காட்ட நாக்கு மட்டும் ஒரு தடவை வெளியே வந்து போனது.

உறைக்குள் போட்டு முடிச்சிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எப்போதும் அப்படித்தான் செய்வாள். ஆனால் முடிச்சிட்ட உறையைப் பார்த்து யார் கை தட்டுவார்கள்? கழுத்துக்குப் பின்னால் விரல் கொடுத்துப் பிடித்து, உடலை முன்கையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கிட்ட இருந்தவர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"அடி ஆத்தீ! வெறுங்கையிலயா?" என்றான் கெவ்.

"குளிர்ல இது பாம்பு இல்ல, கயிறு. பயப்படாம கிட்ட வா. தொட்டுப் பாரு."

ஒருவன் தொட்டான். இன்னொருவன் படம் எடுத்தான். தொலைக்காட்சியில் ஆட்டம் மறுபடி தொடங்கியும் ஒருவரும் திரும்பவில்லை. வெர்னா கணப்புக்குப் பக்கத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் போய் நின்றாள். தொட்டிப் பாம்பின் கதையை ஆரம்பித்தாள். கிளைவ் வண்டிக் கூரைமேல் ஏறிய இடத்தில் பப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு வெந்நீர்ப் பையைவிட இதமாக இருந்தது. அடுத்த கதைக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும்.

"வெர்னா, போதும். பையில போடு. அது முழிக்குது" என்றாள் ரொவீனா.

வெர்னா அவளைப் பார்த்தாள். வயிறு எரிகிறது அவளுக்கு, என்று நினைத்தாள். அந்த நினைப்பு எவ்வளவு இனித்தது!

"இரு, இந்தக் கதைய முடிச்சிடறேன்."

பாம்பின் உடல் அவள் முன்கையில் மெல்ல இறுகியது. பேச்சு மும்முரத்தில் விரல் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது அதற்கு. தலையைத் திருப்பி அவள் கட்டைவிரலின் அடிப்பக்கம் கடித்தது. கடித்துவிட்டு விடவில்லை. தாடையை அசைத்து அசைத்து மென்றது.

வெர்னா கத்தவில்லை. "ஓ" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் பின்னால் சிதறியது. முன்னால் வந்தவள் ரொவீனா ஒருத்திதான். பாம்பின் தாடையைப் பிரித்து எடுத்து, வெர்னாவின் இடுப்பில் செருகியிருந்த பூப்போட்ட உறைக்குள்ளேயே அதைப் போட்டாள். "உக்காரு கண்ணு. கைய ஆட்டாத. கழுவாத. கெவ், டாக்டர் வர்ற விமானத்துக்குப் போன் பண்ணு. முல்கா பாம்புன்னு சொல்லு, மறந்துடாத. கிளைவ், மேஜைமேல இருந்து இறங்கி அந்தக் கட்டுத்துணிய எடு."

விரலிலிருந்து தோள் வரை இறுக்கமாகச் சுற்றினாள். மரக்கட்டை ஒன்றை வைத்துக் கை அசையாமல் கட்டினாள். வெர்னா அந்தத் துணிச்சுற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுக்கு மேல் சுற்று, ஒரு சுருக்கம் இல்லை. படுக்கை விரிப்பு மடிப்பவளுக்குத் தெரியும் அந்த நேர்த்தி.

"நல்லாத்தான் கட்டற" என்றாள். சொல்லும்போதே குமட்டியது. விஷத்தாலா வேறெதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பேசாத. மூச்ச மெதுவா விடு."

"நீ சொன்னப்பவே பையில போட்டிருக்கணும்."

"நானும் ஒரு தடவ இப்படிக் கடி வாங்கினவதான். எதுக்குன்னு கேக்காத, சொல்ல மாட்டேன்."

மாலை வெளிச்சம் இருக்கும்போதே விமானம் ஊர் ஓடுதளத்தில் இறங்கியது. நகரத்து ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கை தொடைபோல வீங்கியது. உடம்பில் உள்ள தசையெல்லாம் யாரோ அடித்துத் துவைத்ததுபோல வலித்தது. கிளைவ் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

"இனிமே உனக்குத்தான் முதல்ல போன் பண்ணுவேன்" என்றான்.

"அழாத. அந்த ரெண்டு பாம்பும் எங்க?"

"ரொவீனா பெட்டியில போட்டு வெச்சிருக்கா. குளிர் போனதும் விறகு வெட்டின இடத்துலயே கொண்டுபோய் விடறாளாம்."

"ரெண்டும் அவகிட்டதானா" என்று சொல்லிவிட்டு வெர்னா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பியபோது அவளுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடக் கை வரவில்லை. துணி நனைக்க முடியாது, பிழிய முடியாது. பப்பின் விரிப்புகளை யார் துவைத்தார்கள் என்று கெவ்விடம் கேட்டாள். அவன் காதைச் சொறிந்தான். "அவதான். கடைய மூடிட்டு வந்து துவைச்சா. உன் இடத்த யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டா."

வெர்னா பின்கட்டுக்குப் போய்க் கொடியில் தொங்கிய விரிப்புகளைப் பார்த்தாள். எங்காவது ஒரு கறை, ஒரு மஞ்சள் திட்டு கிடைக்காதா என்று விளிம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தன.

ரொவீனா அடிக்கடி சூப் கொண்டுவந்தாள். முதலில் வாசலிலேயே வாங்கிக்கொண்டு வெர்னா கதவைச் சாத்தினாள். ஒரு நாள் கதவைச் சாத்த மறந்ததுபோல் உள்ளே நடந்தாள். ரொவீனாவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளைவின் குறட்டையைப் பற்றித்தான் பேசினார்கள்.

செப்டம்பரில் வெயில் ஏறியது. ஒரு காலை வெர்னாவின் போன் ஒலித்தது. ரொவீனாதான்.

"வெர்னா, கடையில மாவு மூட்டைக்குப் பின்னால ஒண்ணு கெடக்கு. எனக்கு முதுகு புடிச்சிருக்கு, குனிய முடியல. நீ வர்றியா?"

வெர்னா கம்பை எடுத்துக்கொண்டு போனாள். கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்காது, ஆனாலும் போதும். மூட்டையை நகர்த்தி, கொக்கியால் நடுவுடம்பைத் தாங்கி, அவசரப்படாமல் தூக்கினாள். ரொவீனா பை வாயை விரித்துப் பிடித்தாள். உள்ளே போனதும் வெர்னா உடனே முடிச்சிட்டாள். கடைக்கு வெளியே நின்றிருந்த லாரி ஓட்டுநர்கள் எட்டிப் பார்த்து, "சபாஷ் கெழவி!" என்றார்கள்.

"கெழவி உங்கப்பன்" என்றாள் வெர்னா. முகம் மலர்ந்துவிட்டது.

வண்டிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தாள். முதுகு பிடித்தவள், மாவு மூட்டையை அலுங்காமல் தூக்கி மறுபடி சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தாள். வெர்னா பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் வெர்னா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்ன, புடிச்சியா?" என்றான் கிளைவ்.

"புடிச்சேன்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அவளுக்கு முதுகு வலியே இல்ல. எனக்காகப் பொய் சொல்லியிருக்கா." வெர்னா காலணியைக் கழற்றி மூலையில் வீசினாள். "எனக்கு இது தோணவே தோணாது கிளைவ். நானா இருந்தா நானேதான் புடிச்சிருப்பேன். இதுலயும் என்ன முந்திட்டா பாரு, பாவி."